காற்றுள்ள போதே

"காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்பது நம் களத்துமேட்டில் பிறந்த பழமொழி. காலம் வாய்க்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இராதே என்பது அதன் உபதேசம். நல்ல உபதேசந்தான். ஆனால் இதையே துப்பாக்கியோடு நிற்கும் ஒருவன் சொல்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். பொருள் எப்படி மாறிவிடுகிறது!

அமெரிக்காவில் நடக்கும் காட்டு வாத்து வேட்டையைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. அந்த வேடனுக்குக் காற்றுதான் பஞ்சாங்கம். வெயில் பளிச்சென்று அடிக்கும் அமைதியான நாளில் வாத்துகள் ஏரியின் நடுவே, குண்டு எட்டாத தொலைவில், கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். அன்று அவனுக்கு வேலை இல்லை. வடகாற்று வீசி, வானம் இருண்டு, அலை புரளத் தொடங்கினால் நிலைமை வேறு. நடு ஏரியில் இருக்கமுடியாமல் பறவைகள் ஒதுங்கிடம் தேடிக் கரையோரக் கோரைகளுக்கும் தீவுகளின் மறைவுக்கும் வரும், தாழ்ந்து பறக்கும். கனடாவின் குளிருக்கு அஞ்சித் தெற்கே புறப்பட்ட கூட்டங்களும் அந்தக் காற்றோடுதான் வந்து சேரும்.

வாத்து காற்றை எதிர்நோக்கியே நீரில் இறங்கும். எதிர்காற்று அதன் வேகத்தைத் தணிக்கிறது. இதை அறிந்த வேடன் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோரைக்குள் பதுங்குகிறான். முன்னால் பொம்மை வாத்துகளை மிதக்கவிடுகிறான். சிறகை விரித்து, காலை நீட்டி, வேகம் குறைந்து பறவை இறங்கும் கணந்தான் அவன் காத்திருந்த கணம்.

ஆக, வாத்துக்கு மிகக் கெட்ட நாள் எதுவோ, வேடனுக்கு மிக நல்ல நாள் அது.

வாத்துகள் அருகி வந்த 1935-ல் அமெரிக்க அரசு சில வரம்புகள் விதித்தது. தானியம் தூவி வாத்தை வரவழைத்துச் சுடக்கூடாது. உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்ற வாத்துகளை ஏமாற்றக்கூடாது; நம் வேடர்கள் 'பார்வை' வைப்பது என்பார்களே, அதுதான். துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக்கூடாது. பறவையின் பசியையும், அது தன் இனத்தின்மேல் வைத்த நம்பிக்கையையும் தூண்டிலாக்கக்கூடாது என்று சட்டம் தடுத்துவிட்டது. புயலைத் தூண்டிலாக்குவதைத் தடுக்கவில்லை. எப்படித் தடுக்கும்? புயலை யாரும் வரவழைப்பதில்லையே!

"நான் வரவழைக்கவில்லை, தானாக வந்தது, பயன்படுத்திக்கொண்டேன்." இந்த வாதம் வேட்டைக்காரனுக்கு மட்டும் சொந்தமா, என்ன? மழை பொய்த்த ஆண்டில் பக்கத்து வயலைப் பாதி விலைக்கு எழுதி வாங்குகிறவரும், வெள்ளம் சூழ்ந்த ஊரில் அரிசி விலையை ஏற்றுகிறவரும் இதைத்தான் சொல்கிறார்கள். சட்டம் அவர்களிடமும் பெரும்பாலும் தோற்றுத்தான் போகிறது.

கடையில் இறைச்சி வாங்குகிறவனைவிட வேடன் கொடியவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனாவது தான் கொல்வதைக் கண்ணால் பார்க்கிறான். என் கேள்வி கொலையைப் பற்றியதன்று. பிற உயிரின் தவிப்பைத் தன் வாய்ப்பாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் கேள்வி.

1940 நவம்பர் 11 இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அன்று முதல் உலகப்போர் முடிந்ததை நினைவுகூரும் விடுமுறை. காலையில் நவம்பருக்கு ஒவ்வாத வெதுவெதுப்பு. மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களின் எல்லையில் ஓடும் மிஸிஸிப்பி ஆற்றின் தீவுகளுக்கும் சதுப்புகளுக்கும் ஏராளமானோர் மெல்லிய உடையோடு வேட்டைக்குப் போனார்கள். பிறகு காற்று திரும்பியது. வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கின. அத்தனை பறவைகளை ஒரே நாளில் பார்த்திராத வேடர்கள் ஆனந்தத்தில் சுட்டார்கள். அவை எதற்கு அஞ்சி ஓடிவருகின்றன என்று நின்று யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை. மழை பனியாயிற்று, அலை படகுகளைக் கவிழ்த்தது. கவிழ்த்த படகின் மறைவில் அவர்களும் ஒதுங்கிடம் தேடினார்கள், வாத்துகளைப்போலவே. அந்தப் புயலில் ஏறக்குறைய 150 பேர் மாண்டார்கள். மினசோட்டாவில் மாண்ட 49 பேரில் பாதிப்பேர் அளவில் வாத்து வேட்டைக்காரர்கள்.

வானிலை எச்சரிக்கையும் பிந்தியது. அதன் பின்னரே முன்னறிவிப்பு முறையைச் சீர்திருத்தினார்கள். இறந்தவர்கள் தண்டனை பெற்றார்கள் என்று நான் எண்ணவில்லை. அப்படி எண்ணுவது இரக்கமற்ற செயல். ஆனால் எச்சரிக்கை வானத்திலேயே சிறகடித்து வந்தது. அதை அவர்கள் வரவாகக் கணக்கெழுதிக்கொண்டார்கள்.

மறுநாளும் காற்று அடங்கவில்லை. வினோனா நகரத்து விமானி மாக்ஸ் கான்ராட் ஒரு சின்னஞ்சிறு விமானத்தில் ஏறினார். ஆற்றின்மேல் தாழப் பறந்து, உயிரோடிருந்தவர்களைத் தேடிக் கண்டு, உணவும் தீப்பெட்டியும் வைத்த தகரப் பெட்டிகளைப் போட்டார். மீட்புப் படகுகளுக்கு வழிகாட்டினார். முதல்நாள் துப்பாக்கிகள் தேடிய அதே கோரைகளைத்தான் அவரும் தேடினார்.

களத்தில் தூற்றுகிறவன் காற்றைப் பயன்படுத்துவதால் பறப்பது பதர்தான், யாருக்கும் இழப்பில்லை. அதனால்தான் அந்தப் பழமொழி நல்லதாயிற்று. நமக்குச் சாதகமாகக் காற்று வீசும்போது, அது யாருக்கு எதிராக வீசுகிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தூற்றலாம். அதற்குள் காற்று ஒன்றும் ஓய்ந்துவிடாது.