தோட்டத்து நினைவும் நேர்மையும்

தன்னை வருத்திய இடத்தையே மனிதன் பின்னாளில் விரும்பி நினைப்பது முறையாகுமா? பேராக் மாநிலத் தமிழருக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. ஈப்போவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் முதியவர் இருவர் கூடினால், பேச்சு சிறிது நேரத்தில் தோட்டத்திற்குச் சென்றுவிடும். லயத்து வாசல், மாரியம்மன் திருவிழா, பனி விலகாத பால்மரக் காடு, மழை கொண்டுவந்த விடுமுறை ஆகியவற்றைச் சொல்லச் சொல்ல அவர்தம் முகம் மலரும். மழையால் பால் வெட்ட இயலாத நாளில் கூலியும் போயிற்று என்பதை மட்டும் அவர்கள் பெரும்பாலும் கூறுவதில்லை.

பறம்பு மலையை இழந்த பாரி மகளிரின் ஏக்கத்தை நம் மாணவர் புறநானூற்றில் பயில்கின்றனர். அம்மலை அவர்தம் தந்தையின் மலை. ஆதலின் அந்த ஏக்கம் நமக்கு எளிதில் விளங்குகிறது. தோட்டமோ ஒருநாளும் நமக்கு உரியதாய் இருந்ததில்லை. 1877ஆம் ஆண்டில் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அம்மரம் பரவிய நிலங்களுக்கு நம் முன்னோர் சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகள் திரட்டிய ஆட்களாகவும் வந்தனர். சஞ்சி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. (ஈப்போ என்பதும் பால் சுரக்கும் ஒரு மரத்தின் பெயரே. அதன் நச்சுப்பாலைப் பூர்வகுடியினர் ஊதுகுழல் அம்புகளில் தடவினர். நஞ்சின் பெயர் தாங்கிய நகரம் ஈயத்தாலும் இன்னொரு மரத்தின் பாலாலும் செழித்தது வியப்புத்தான்.)

வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். கிராணி, தண்டல், துரை என்று அதிகாரம் படிப்படியாக மேலேறும். 1942க்குப் பின் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமற் போனதும், 1948இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்ததும் இதே வாழ்வின் பகுதிகளே. இத்தகைய இடத்தை இனிமையாக நினைப்பது முன்னோர்க்குச் செய்யும் துரோகம் என்று சிலர் சினக்கின்றனர். அச்சினத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று.

இனித்தது எது என்று ஆராய்தல் வேண்டும். தாய் பால் வெட்டச் சென்ற வேளையில் குழந்தையின் பசியாற்றிய அடுத்த வீட்டுக்காரி, சாவு வீட்டில் அழைக்காமலே வந்து நின்ற லயத்தார், கொட்டகையில் நாடகம் போட்ட இளைஞர் ஆகியோரையே நெஞ்சம் நாடுகிறது. இவற்றை நிர்வாகம் வழங்கவில்லை. பள்ளிக்கூடம் கூட முற்றிலும் கருணையால் எழுந்ததன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆகவே அன்புக்கு உரியவர் மனிதரே, தோட்டமன்று என்று பிரித்துவிடலாம் போல் தோன்றும்.

ஆனால் பிரிவினை அவ்வளவு எளிதன்று. ஒரே வேலியுள் அடைபட்டமையால்தானே அந்நெருக்கம் விளைந்தது? மேலும், அந்நெருக்கத்திற்கும் எல்லை இருந்தது. சாதி வாரியாக லயங்கள் ஒதுக்கப்பட்ட தோட்டங்கள் உண்டு. ‘நாங்கள் அனைவரும் ஒரே குடும்பம்’ என்று ஒருவர் கூறும்போது, கடைசி லயத்தில் வாழ்ந்தவரும் அவ்வாறே கூறுகிறாரா என்று கேட்டறிவது நம் கடமை. ஒருவருடைய இனிய நினைவு இன்னொருவருடைய துன்பத்தை மூடி மறைக்குமாயின் அதனைப் பாராட்ட என்னால் இயலவில்லை.

பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையை நோக்குவோம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித், 1915 முதல் எழுப்பிய அம்மாளிகை முற்றுப்பெறுமுன் 1926இல் லிஸ்பனில் இறந்தார். சென்னையிலிருந்து வந்த தொழிலாளர் கொள்ளைநோயால் மாண்டபோது, எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர்; அவரும் கட்டுவித்தார். அக்கோயிலின் மேல் தெய்வ உருவங்களிடையே வெள்ளைக்காரத் துரையாக நிற்கும் உருவம் அவருடையதே என்பர். இதனை அடிமைப் புத்தி என்று நகைப்பாரோடு நான் சேரேன். நன்றி செலுத்துவது அத்தொழிலாளரின் உரிமை. அவ்வுரிமையை அவர்கள் தம் விருப்பப்படி ஆண்டனர். எனினும் இன்று மாளிகைக்கு வரும் பயணிகள் துரையின் பெயரையே அறிந்து செல்கின்றனர். கல் சுமந்தவர் பெயரைக் கேட்பாரில்லை.

தஞ்சோங் துவாலாங்கில் 1938 முதல் 1982 வரை ஈயம் தோண்டிய 4,500 டன் எடையுள்ள மிதவைக் கப்பலும் காட்சிப்பொருளாகக் காக்கப்படுகிறது. இரும்பைக் காப்பது நன்றே. இங்கிலாந்தில் ஸ்டையல் என்னும் சிற்றூரில் 1784இல் தோன்றிய குவாரி பேங்க் பஞ்சாலையில், எந்திரங்களோடு, அங்கு உழைத்த சிறுவர் சிறுமியர் தங்கிய விடுதியையும் பாதுகாத்து வருகின்றனர். ஆலை நகரத்தை ஆசையோடு நினைக்கும் ஆங்கிலேயனும் அக்குழந்தைகள் உறங்கிய அறையைக் காண நேர்கிறது. நம் லயங்களோ பல இடங்களில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டு மறைந்தன.

அன்பு உரிமையாக மாற முயன்ற ஒரு காலமும் உண்டு. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தவித்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோறும் சென்று பத்துப்பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி பெருந்தொகை. கொடுத்தவர் தாம் வெட்டிய மரத்தின்மேல் கொண்ட பற்றை நிலமாகவே கேட்டனர்.

தோட்டத்தைப் பற்றி மாணவரைக் கட்டுரை எழுதப் பணிக்கும் ஆசிரியர்கள், அவர்களை இரண்டு கேள்விகளோடு வீட்டிற்கு அனுப்பலாம்: தோட்டத்தில் உங்களுக்குப் பிடித்தது எது? அங்கிருந்து எப்படி வெளியேறினீர்கள்? முதற்கேள்விக்குப் பாட்டி சிரித்துக்கொண்டே விடை கூறுவார். இரண்டாவதற்குச் சிறிது நேரம் பேசாதிருப்பார். மாணவன் அங்கேயே அமர்ந்து காத்திருக்கட்டும்.