புயலும் அண்டைவீட்டாரும்: ஊழ், பிழை, கடன் – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

புயல் ஓய்ந்த மறுநாள் கடலோர ஊர்களில் எழும் வழக்குகளுள் ஒன்று மிக எளிய தோற்றமுடையது. ஒருவர் தோப்பிலுள்ள தென்னை வேலியைத் தாண்டி விழுந்து அடுத்தவர் வீட்டு ஓட்டுக்கூரையை உடைத்துவிடுகிறது. வீட்டுக்காரர் இழப்பீடு கேட்கிறார். மரத்துக்குரியவர், காற்று தள்ளியதற்கு நான் என்ன செய்வேன் என்கிறார். இருவர் கூற்றிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. 2016 டிசம்பர் 12-இல் சென்னையைக் கடந்த வர்தா புயலிலும், 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பகுதியில் கரையேறிய கஜா புயலிலும் மரங்கள் பெருந்திரளாக வீழ்ந்தன. அதனை எண்ணிப் பார்த்தால், இது ஏதோ ஓர் ஊரின் தனி வழக்கன்று என்பது விளங்கும். இயற்கை விளைத்த சேதத்திற்கு அண்டைவீட்டார் ஒருவர்க்கொருவர் எவ்வளவு பொறுப்புடையவர் என்னும் வினாவை, நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழ் அறமரபோடு வைத்து நோக்கி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

சட்டம் வகுக்கும் எல்லை

இத்தகைய வழக்குகள் இந்தியாவில் தீங்கியல் சட்ட நெறிகளைக் கொண்டு தீர்க்கப்படுகின்றன. தன் நிலத்தில் ஆபத்தான ஒன்றைத் திரட்டி வைத்தவர், அது தப்பிச் சென்று பிறர்க்குச் சேதம் விளைத்தால், தம்மிடம் கவனக்குறைவு இல்லையெனினும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கடுமையான நெறியை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1868-இல் உறுதி செய்தது. நீர்த்தேக்கம் ஒன்றிலிருந்து வெளியேறிய நீர் அண்டைச் சுரங்கத்தில் புகுந்த வழக்கு அது.

இந்நெறி நம் நாட்டுக்குப் பொருந்துமா என்ற வினா விரைவிலேயே எழுந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்திலுள்ள கார்வேட்டிநகரத்து ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து, சென்னை இரயில்வே நிறுவனத்தின் பாதையைச் சேதப்படுத்தின. 1874-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், ஜமீன்தார் பொறுப்பல்லர் எனத் தீர்ப்பளித்தது. அவ்வேரிகள் அவர் தம் நலத்திற்காகத் திரட்டிய நீர் அல்ல. பல்லோர் வேளாண்மைக்காகத் தொன்றுதொட்டுப் பேணப்படுபவை. அவற்றைப் பேணுவது அவருக்குக் கடமையும் ஆகும். ஆகவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவரைப் பொறுப்பாக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பயன் பல்லோர்க்கு உரியதாயின் இழப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தலாகாது என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளமை கருதத்தக்கது.

மரத்தைப் பொறுத்தவரை, நிலத்தில் மரம் வளர்ப்பது இயல்பான பயன்பாடே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. சாலைமேல் நீண்டிருந்த ஒரு கிளை, வெளியே தெரியாத உட்குறையால் முறிந்து வாகனத்தின்மேல் விழுந்த இங்கிலாந்து வழக்கில் (1926) உரிமையாளர் பொறுப்பல்லர் எனப்பட்டது. அறிய முடியாத குறைக்குப் பொறுப்பில்லை என்பதே அதன் கருத்து.

அதே வேளையில், இயற்கையின் பெயரைச் சொல்லி எவரும் தப்பிவிடவும் முடியாது. மழையில் ஒரு கட்டடத்தின் சுவர் இடிந்து அண்டையாரின் குழந்தைகள் இருவர் இறந்த வழக்கு ஒன்று மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. அதன் தீர்ப்பு 1958-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. அன்று பெய்த மழை 2.66 அங்குலம். மழைக்காலத்தில் அவ்வளவு மழை எதிர்பார்க்கத்தக்கதே. அதனைத் தெய்வச் செயல் எனல் பொருந்தாது. சுவருக்குரியவர் பொறுப்பாவார் என்பது முடிபு. ஆகவே தெய்வச் செயல் என்னும் வாதம் நிலைக்க, இயற்கைச் சக்தியால் விளைந்தது என்பது மட்டும் போதாது. முன்னறிந்து காக்க இயலாத அளவு அது அசாதாரணமானதாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டாம் நிபந்தனை இன்று முன்னினும் கடுமையாகிவிட்டது எனலாம். வட இந்தியப் பெருங்கடற் புயல்களுக்கு 2004 முதல் பெயர் சூட்டப்படுகிறது; அவை கரை சேருமுன் நாட்கணக்கில் பின்தொடரப்பட்டு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. பெயரும் வழியும் நாளும் முன்பே அறிவிக்கப்பட்ட காற்றை எதிர்பாராதது என்று சொல்வது எளிதன்று. எனினும் நான்கு நாள் எச்சரிக்கையில் நாற்பது ஆண்டுத் தோப்பைப் பாதுகாத்துவிட முடியாது என்பதும் உண்மையே. ஆகவே புயல் வந்த நாளில் மரத்துக்குரியவர் என்ன செய்தார் என்பதைவிட, புயல் இல்லாத நாட்களில் என்ன செய்யாதிருந்தார் என்பதே முதன்மையான வினா ஆகிறது.

பொச்சாவாமை என்னும் அறம்

இவ்விடத்தில் திருக்குறளின் ஐம்பத்து நான்காம் அதிகாரமாகிய பொச்சாவாமை நினைக்கத்தக்கது. கவனக்குறைவு என்று இன்றைய சட்டம் வழங்கும் கருத்துக்குத் தமிழில் மிக நெருங்கிய பழஞ்சொல் பொச்சாப்பு எனலாம். அரசியல் பகுதியில் வைக்கப்பட்டமையின் இது வேந்தனை நோக்கியது என்பது உண்மை. ஆயினும் உடைமையைக் காக்கும் எவர்க்கும் இவ்வறம் பொருந்தும். அதிகாரத்தின் முதற்குறள் (531) மிகுந்த மகிழ்ச்சியால் வரும் சோர்வை அளவிறந்த சினத்தினும் தீயதாகக் கூறுகிறது. சினம் கொண்டவன் பிறர்க்குத் தீங்கு செய்கிறோம் என்பதை அறிந்து செய்கிறான். சோர்ந்தவனோ அறியாமலே செய்துவிடுகிறான் என்று இதனை விரித்துக் கொள்ளலாம். நன்றாகக் காய்க்கும் மரம் சாய்ந்திருப்பினும் அதனை வெட்ட மனம் வராது. ஈண்டுக் காய்ப்பின் மகிழ்ச்சியே சோர்வுக்குக் காரணமாகிறது.

மற்றொரு குறள் (535), முன்னரே காவாதவன் துன்பம் வந்தபின் தன் பிழைக்கு இரங்குவான் என்னும் கருத்தினது. ஊழுக்கு இரங்குவான் என்னாது பிழைக்கு இரங்குவான் என்றமை நோக்கத்தக்கது. ஊழின் வலிமைக்கென ஓர் அதிகாரம் (38) வகுத்த வள்ளுவர், காக்கத் தவறியதை ஊழின் கணக்கில் எழுதவில்லை.

அறிந்தமையும் அறிந்திருக்க வேண்டியமையும்

கவனக்குறைவை மெய்ப்பிப்பதற்கு, மரத்தின் நிலை உரிமையாளருக்குத் தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் காட்ட வேண்டியுள்ளது. அண்டைவீட்டார் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தால் இது எளிது. விழும் நிலையிலுள்ள கட்டடம், மரம் முதலியவற்றை அகற்றவோ தாங்குகொடுக்கவோ நிர்வாக நடுவர் ஆணையிட, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு வழிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. ஆகவே சொல்வதற்கு வழி உண்டு. பகை வருமே என்று அஞ்சிச் சொல்லாதிருந்தவர், தம் இழப்பில் தமக்கும் சிறு பங்கு உண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆனால் எல்லாராலும் சொல்ல முடிவதில்லை. தென்னந்தோப்பின் ஓரத்துக் குடிசையில் வாழ்ந்து அத்தோப்பிலேயே கூலிவேலை செய்பவர், உங்கள் மரம் என் கூரைமேல் சாய்கிறது என்று தோப்புக்குரியவரிடம் சொல்வது எளிதன்று. நடுவரிடம் முறையிடுவது அதனினும் அரிது. அவரது மௌனத்தைக் காட்டி, எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று உரிமையாளர் விலகிக்கொள்வாராயின், வலியவனின் அறியாமைக்கு எளியவனின் அச்சம் துணைநின்றதாகிவிடும். எனவே அவர் அறிந்திருந்தாரா என்று மட்டும் கேளாது, அவர் அறிந்திருக்க வேண்டுமா என்றும் கேட்பதே அறம். சென்று பார்க்கும் கடமை, உடைமை மிகுதிக்கேற்ப மிகுதியாகும். பொச்சாவாமையை வேந்தனுக்கு வைத்த முறையும் இதனோடு இயைகிறது. காக்கும் ஆற்றல் மிக்கவனுக்கே மறதி பெருங்குற்றமாகும்.

பழி தேடலின் வரம்பு

எனினும் ஒவ்வொரு பேரிடருக்கும் பின்னால் ஒருவர் பிழை உண்டு எனக் கொள்வதும் தவறு. மணிமேகலைக் காப்பியத்தில், மகனை இழந்த துயரில் வேந்தன் இந்திரவிழாவை மறந்தமையால் புகார் நகரைக் கடல் கொண்டதாகக் கூறப்படுகிறது. கடலின் செயலை வெறுங்கடலின் செயலாக விடாது, அதன் பின்னே மனிதன் மறந்த கடமை ஒன்றைத் தேடும் மனப்பாங்கு இது. இழப்புற்ற மனம் காரணம் கேட்பது இயல்பே. ஆனால் காரணம் தேடும் வேட்கை பழி தேடும் வேட்கையாக மாறிவிடக்கூடும். கஜா புயலில் தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளில் தென்னையை இழந்தவர்கள் தம் வாழ்வாதாரத்தையே இழந்தவர்கள். வேரோடு பெயர்ந்த நல்ல மரத்துக்கு உரியவரும் புயலால் தாக்குண்டவரே. பிழையற்ற அவர்மீது அண்டையாரின் முழு இழப்பையும் சுமத்தினால், ஒரு புயல் அவரை இருமுறை தாக்கியதாகும். அன்றியும், மரம் வளர்ப்பதே ஆபத்து என்றெண்ணி ஊரார் மரங்களை வெட்டத் தொடங்கினால், நிழலும் காற்றுத்தடுப்பும் எல்லார்க்கும் இல்லாமற்போகும். கார்வேட்டிநகரத் தீர்ப்பின் உட்கருத்து இங்கும் பொருந்தும். பொதுப்பயன் தரும் ஒன்றின் தவிர்க்க இயலாத சேதத்தை அரசின் நிவாரணம் வழியாகப் பொதுவே தாங்க வேண்டும்.

கடன்

பிழை இல்லாதவிடத்துச் சட்டம் விலகிவிடுகிறது. அதனால் மரத்துக்குரியவர் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவாரா என்பதே எஞ்சிய வினா. இதற்கு விடைகாணக் கடன் என்னும் தமிழ்ச்சொல் துணைசெய்கிறது. திருப்பித் தரவேண்டிய பொருளையும் செய்யவேண்டிய கடமையையும் இச்சொல் ஒருங்கே குறிக்கும். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோர்க்குரிய கடன்களைப் பொன்முடியார் புறநானூற்றுப் பாடலில் (312) வகுத்துரைக்கிறார். அவருள் எவரும் பிழை செய்ததனால் கடன்பட்டவர் அல்லர். தாம் நிற்கும் நிலையினால் கடன்பட்டவர்கள். அண்டைவீட்டார் என்பதும் அத்தகைய ஒரு நிலையே.

அக்கடன் இழப்பீட்டுத் தொகை அன்று. கூரைமேல் கிடக்கும் தம் மரத்தைத் தம் செலவில் அகற்றுதல், மழை இறங்காமல் கூரையை மூட உதவுதல், அவ்வீட்டார்க்கு ஒதுங்க இடம் அளித்தல் ஆகியன அதனுள் அடங்கும். பெறுபவர்க்கும் ஒரு கடன் உண்டு. தம் மரமும் அவ்வாறே விழுந்திருக்கலாம் என எண்ணி, பிழையின் அளவுக்கு மேற்பட்டுக் கேளாதிருத்தல் அது.

இக்கடனை நீதிமன்றம் வசூலிக்க முடியாது. ஆதலின் இது பொறுப்புக்கு மாற்றாக வைக்கப்படுதல் கூடாது. எச்சரித்தும் வெட்டாதவர், அண்டை உறவைச் சொல்லி இரண்டு நாள் உதவியோடு இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க இடந்தருவது அறமாகாது. பிழைக்கு ஈடு கொடுத்த பின்னரே கடனைப் பற்றிப் பேச அவர்க்கு உரிமை உண்டு.

முடிவுரை

புயற்சேதத்தை முற்றும் ஊழாகக் கொண்டால் சோர்ந்தவர் தப்புவர். முற்றும் பிழையாகக் கொண்டால் குற்றமற்றவர் வருந்துவர். காக்கத் தவறியது எவ்வளவோ அவ்வளவு பிழை. அதற்குச் சட்டம் ஈடு பெற்றுத் தரவேண்டும். அவ்வாறு அளக்கும்போது எளியவரின் மௌனத்தை உரிமையாளருக்குச் சாதகமாகக் கொள்ளலாகாது. காக்க இயலாதது ஊழின் பாற்படும். அதனைப் பொதுவில் தாங்கவேண்டும். ஊழென்று முடிவான பின்னும் வேலிக்கு அப்பால் உடைந்து கிடப்பது அண்டைவீட்டாரின் கூரை. விழுந்து கிடப்பது தம் மரம். அதனை அகற்ற முதலில் செல்லவேண்டியவர் மரத்துக்குரியவரே.