எதிர்பாராதது எவர்க்கு?

மாணவர் எடுத்த குறும்படம் ஒன்று முதன்முறையாகத் திரையிடப்படும்போது, படத்தைவிட அதனை எடுத்த கதையே அவையோரை மிகுதியாகக் கவர்வதுண்டு. மழை பெய்தது, கமராவில் ஈரம் புகுந்தது, நடிக்க வேண்டியவர் வரவில்லை, ஊரில் ஒருவர் இறந்துவிட்டார், இத்தனைக்கும் நடுவே படத்தை முடித்தோம் என்று நெறியாளர் கூறுவார். அவையோர் கைதட்டுவர். அக்கைதட்டலின் அறவியற் பெறுமதி யாது? இடையூற்றை மீறி வினை முடித்தல் எப்போதும் பாராட்டுக்குரியதுதானா?

வள்ளுவர் பொருட்பாலில் 'ஆள்வினையுடைமை', 'இடுக்கண் அழியாமை' என இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். மேடைகளில் நாம் விரும்பி எடுத்தாள்பவை இவையே. ஆயின், இவற்றுக்கு வெகு முன்னரே 'காலமறிதல்', 'இடனறிதல்' என்னும் அதிகாரங்கள் வந்துவிடுகின்றன. அவை வேந்தனை நோக்கிக் கூறப்பட்டவை என்பது உண்மை. எனினும், பிறர் நிலத்துட் கருவியொடு புகுபவன் எவனுக்கும் அவை பொருந்தும் என்றே கருதுகிறேன்.

பெரகலையை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை ஊவா மலைச்சரிவில் ஏறி, பெரகலைச் சந்தியிற் பிரிகிறது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை நோக்கி ஏறும். மற்றையது கொஸ்லந்தை வழியே வெல்லவாயவுக்கு இறங்கும். ஆறு மாணவர் கொண்ட குழுவொன்று, இரவல் பெற்ற கமராவுடன் இச்சந்தியில் வந்து இறங்குவதாகக் கற்பனை செய்வோம். கையில் மூன்று நாட்கள். கதை, முதிய கொழுந்துக்காரி ஒருத்தியைப் பற்றியது. மாலை வெயில் அவள் முகத்திற் படும் காட்சியோடு படம் முடியவேண்டும் என்பது திட்டம். முதல்நாட் பிற்பகலிலேயே தெற்குப் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி மலையை மூடிவிடுகிறது. 'எதிர்பாராத இடையூறு' என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்.

எதிர்பாராதது எவர்க்கு? சந்தித் தேநீர்க்கடைக்காரர் அதனை எதிர்பார்த்திருந்தார். கொழுந்துக்காரி தலையிற் கட்டியிருந்த படங்குத் துண்டே அவள் எதிர்பார்த்திருந்தமைக்குச் சான்று. கொழும்பு பஸ்ஸில் வந்தவர்க்கு மட்டுமே அது புதுமை. எனவே, எதிர்பாராமை என்பது நிகழ்ச்சியின் பண்பன்று. பார்ப்பவனின் அறிவு நிலையைக் குறிக்கும் சொல் அது. இடத்தை அறியாது வந்த குற்றத்தை இயற்கையின்மேல் ஏற்றிவிட்டு, பிறகு அவ்வியற்கையை வென்றதாகப் பெருமை கொள்வது சற்று வேடிக்கையானதே.

இங்கே சத்யஜித் ராய் நினைவுக்கு வருகிறார். 1952 இல் 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பைத் தொடங்கியபோது அவர் விளம்பர நிறுவனமொன்றிற் பணிபுரிந்துகொண்டிருந்தார். கையில் இருந்தவை விடுமுறை நாட்களே. நாணற்பூ வெளியில் ஒருநாள் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் திரும்பியபோது மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. மறு ஆண்டு பூக்கும்வரை அவர் காத்திருந்தார். பணமின்றிப் பலமுறை தடைப்பட்ட அப்படம் 1955 இலேயே வெளிவந்தது. இதனை விடாமுயற்சிக்கு உதாரணமாகக் கூறுவது வழக்கம். எனக்கோ அதில் வேறொன்று முதன்மையாகத் தோன்றுகிறது: மாட்டுக்காரனிடம் எவரும் நட்டஈடு கேட்கவில்லை. மாடு மேய்ந்தது மாட்டின் வேலை. தாமதத்தின் சுமை பெரும்பாலும் எடுப்பவர்மேலேயே விழுந்தது. பணத்துக்காகத் தம் மனைவியின் நகைகளையும் அடகு வைத்தவர் அவர்.

ராய் ஓராண்டு காத்திருக்கலாம். ஒப்படை செலுத்த நாட்குறிக்கப்பட்ட மாணவன் என்செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்குரிய விடை, காலம் குறுகும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இரண்டாம் நாள் மூட்டம் விலகிய இடைவெளியில், கொழுந்துக்காரியை நிரையிலே நிறுத்தி ஐந்து முறை திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். தோட்டத்தில் நாட்கூலியைப் 'பேர்' என்பர். குறித்த நிறைக் கொழுந்து பறியாதவளுக்கு 'அரைப்பேர்'தான் விழும். படத்தின் முடிவில் ஓடும் பட்டியலில் அவள் பேர் இருக்கும். செக்ரோலில் அன்று அது பாதியாகியிருக்கும். கேட்டால், "படிக்கிற பிள்ளைங்கதானே, எடுங்கய்யா" என்பாள். இந்த இசைவு விருந்தோம்பலாற் பிறந்தது; கணக்குப் பார்த்துத் தந்ததன்று. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளாதே என்று காண்ட் 1785 இல் எழுதியதை விரிவுரை மண்டபத்தில் விளங்கிக்கொள்வது எளிது. கொழுந்து நிரையில் அது அரைப்பேரின் வடிவில் வந்து நிற்கிறது. கூலி கொடுத்தால் கலையின் தூய்மை கெடும் என்பாரும் உளர். கெடட்டும். முழுப்பேரைக் குழு கொடுத்தே ஆகவேண்டும்.

கொடுத்தாலும் தீராதது மூன்றாம் நாள் வருகிறது. லயத்தில் ஒரு மரணம். அந்த லயத்தார் எவரும் படப்பிடிப்புக்கு வரார். தப்பு முழங்குகிறது. மூட்டத்தினூடே பாடை செல்கிறது. இதைவிடச் சிறந்த இறுதிக்காட்சி கிடையாது என்று குழுவில் ஒருவன் சொல்வான். கலைஞன் என்ற முறையில் அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

துயரைப் படமெடுத்தலே தவறு என்று விதி செய்துவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அன்று கமராக்கள் அங்குச் சென்றிராவிடில் நாடு அம்மக்களை அவ்வளவேனும் திரும்பிப் பார்த்திராது. அதனையும் எதிர்பாராத அனர்த்தம் என்றே பலர் எழுதினர். ஆனால், அம்மலையின் அபாயம் பற்றி 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. அறிந்திருக்க வேண்டியவர் அறிந்தும் வாளாவிருந்தமையை மறைக்க 'எதிர்பாராத' என்னும் சொல் எத்துணை வசதியானது என்பதை அங்கே கண்டோம். மாணவன் குறிப்பேட்டில் எழுதிய சொல்லும் அதுவேதான். அளவில் மட்டுமே வேறுபாடு.

மீரியபெத்தையில் எடுக்கப்பட்ட படங்களுக்கு இழந்தவர்களிடம் ஒரு தேவை இருந்தது: வீடு வேண்டும், காணி வேண்டும், கேட்பார் வேண்டும். பெரகலை லயத்துப் பாடையைப் படமாக்க அவ்வீட்டார்க்கு எத்தேவையும் இல்லை; தேவை நம் கதைக்கே. வீட்டார் பின்னொரு நாள் தாமாகக் கேட்டால், கமராவுடன் செல்வது வேறு செயல். அன்று கேளாமல் எடுப்பதையும், துக்கத்தில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு நிற்பதையும் நான் ஏறத்தாழ ஒன்றாகவே எண்ணுகிறேன். இதில் என்னோடு உடன்படாத நண்பர் பலர்.

ஆகவே, நம் கற்பனைக் குழு கமராவைப் பையில் இடுகிறது என்று கொள்வோம். கொழுந்துக்காரியும் இழவு வீட்டில்தான் இருக்கிறாள். இருவர் விறகு சுமக்கின்றனர். மற்றவர் செய்வதறியாது வாயிலில் நிற்கின்றனர். ஒப்படைக்கும் படத்தில் இறுதிக்காட்சி இராது. அதற்குப் புள்ளி குறையும். குறைப்பவரைக் குறைகூறவும் இயலாது. மறுநாள் பெரகலையில், அவர்கள் மூன்று நாளாகக் காத்திருந்த அதே மாலை வெயில் அடித்திருக்கும். குழு அதற்குள் பலாங்கொடையைக் கடந்திருக்கும்.