மனத்திற்கும் மருந்து உண்டா?

ஜாதவ்பூரில் வாழும் குடும்பமானாலும், மதுரையில் வாழும் குடும்பமானாலும், ஒருவருக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் கூறியதும் ஒரு கேள்வி எழுகிறது: ‘மனம் மாத்திரைக்குக் கட்டுப்படுமா? பக்தியும் ஜபமும் போதாதா?’ மருந்துண்பது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணி, சற்றுத் தெளிந்ததும் அதை நிறுத்திவிடுவோர் பலர். நோய் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சாந்தோக்ய உபநிஷதம் இதற்கு விடை தருகிறது. உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் நீர் மட்டும் பருகி இருக்கச் செய்து, பின் வேதம் ஓதச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகள் கற்றது எதுவும் அவனது நினைவிற்கு வரவில்லை. உணவு உண்டதும் அனைத்தும் திரும்பின. மின்மினி அளவு எஞ்சிய தணல், புல்லிட்டதும் கொழுந்துவிட்டு எரிவது போன்றது இது என்று தந்தை விளக்கினார்.

வேதாந்தத்தின்படி மனம் ஆன்மா அன்று; உணவால் வளரும் நுண்ணிய கருவி. கருவி பழுதுபட்டால் ஆன்மாவுக்கு இழுக்கில்லை. அதைச் சீர்செய்வது அவநம்பிக்கையும் ஆகாது. ‘மாத்திரையால் வந்த தெளிவு என்னுடையதாகுமா?’ என்று சிலர் கலங்குகின்றனர். உணவு சுவேதகேதுவுக்கு வேதத்தைக் கற்பிக்கவில்லை. அவன் கற்றதையே அவனுக்குத் திருப்பித் தந்தது. மருந்தும் அவ்வாறே. அது புதிய மனிதனைப் படைப்பதில்லை. நோய் மறைத்த மனிதன் வெளிப்பட வழிவிடுகிறது.

மனநோய்க்கு மருந்து நம் மண்ணுக்குப் புதிதன்று. சர்ப்பகந்தா வேர் மனநோயைத் தணிப்பது பற்றிக் கொல்கத்தா மருத்துவர்களான கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931-இல் எழுதினர். 1952-இல் அவ்வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் பல நாடுகளில் பயன்பட்டது; பக்க விளைவுகளாலும், வேறு மருந்துகள் வந்ததாலும் பின்னர் வழக்கொழிந்தது. இன்றைய மருந்துகளுக்கும் உடல் பருமன், நடுக்கம், மந்தம் போன்ற குறைகள் உண்டு. அவற்றை மருத்துவரிடம் கூறி அளவை மாற்றிக்கொள்ளலாம், தாமே நிறுத்தலாகாது.

எனினும், மருந்து மட்டும் போதாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர்; உயிரிழந்தோர் 28 பேர். மருத்துவமும் அன்பும் ஒருங்கே விலகியதன் விளைவு அது. மாறாக, கொல்கத்தாவில் 2007-இல் தொடங்கப்பட்ட ஈஸ்வர் சங்கல்பா என்னும் அமைப்பு, தெருவில் வாழும் மனநோயாளிகளை அவர்கள் இருக்குமிடத்திலேயே பேணுகிறது. தேநீர்க் கடைக்காரர் போன்ற அக்கம்பக்கத்தினரே உணவும் மாத்திரையும் அளித்துத் துணைநிற்கின்றனர்.

தணல் அணையவில்லை. அதற்குப் புல்லிடும் கை வேண்டும். ஜபத்தைத் தொடர்வோம், அதனுடன், வேளை தவறாமல் மாத்திரையையும் ஒரு குவளை நீரையும் நீட்டுவோம். ஜீவனைச் சிவனாகக் கண்டு செய்யும் பூஜை அதுவே.