கொள்கையின் செலவு யார் கணக்கில்?

அரசுப் பள்ளியில் தலைமைப் பொறுப்புக்குப் பெரும்பாலும் பணிமூப்புதான் வழி. பட்டியலில் பெயர் மேலே வரும்போது நாற்காலியும் வரும். திண்டிவனத்தில் ஒருவர் பள்ளிக்கு வந்த வழி வேறு. அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர் பேராசிரியர் கல்யாணி. பிரபா கல்விமணி என்ற பெயரில் அவரை விழுப்புரம் மாவட்டத்தில் பலருக்கும் தெரியும். 1993இல் இருளர் பழங்குடிப் பெண் ஒருவருக்குக் காவலர்கள் இழைத்த கொடுமைக்கு நீதி கேட்டுப் போராடியவர். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. திண்டிவனம் ரோசணையில் இயங்கும் தாய்த்தமிழ்ப் பள்ளியும் அவர் முயற்சியில் எழுந்ததுதான்.

பேராசிரியர் ஒருவருக்குக் கொள்கை இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. அவர் பள்ளி நடத்தத் தொடங்கும்போதுதான் அறக்கேள்வி பிறக்கிறது. தமிழ்வழிக் கல்வி என்பது அவருடைய உறுதி. படிக்கப்போவதோ பிறர் வீட்டுப் பிள்ளைகள், அதிலும் ஏழைப் பிள்ளைகள். தன் கொள்கையின் செலவை அவர்கள் கணக்கில் எழுத ஒரு கல்வியாளருக்கு உரிமை உண்டா?

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. தொடக்கக் கல்வி தமிழில்தான் என்று 1999இல் அரசு ஆணை போட்டது. அடுத்த ஆண்டே உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தன. அரசே பின்வாங்கிய இடத்தில் ஒரு சிறு பள்ளி நின்றால், அதில் சேரும் பிள்ளை சிலவற்றை இழக்கத்தான் செய்கிறது. 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது அது அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. நன்கொடையை நம்பி நடக்கும் தனியார் பள்ளிக்கு அப்போது வரவில்லை. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களை மனத்தில் வைத்து 2020இல் வந்த சட்டம். தமிழ்வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பது உண்மை. ஆனால் அது படித்து முடித்து வேலைக்குப் போட்டியிடும் வயதில்தான் பயன்படும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் காலையில் வயிறு நிறைய வேண்டும்.

மறுபக்கத்தை அறிய ஒரு செங்கல் சூளைக்குப் போக வேண்டும். முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் பொங்கல் கழிந்ததும் சூளைக்குக் கிளம்பும். பிள்ளைகளும் கூடவே போவார்கள். அச்சில் வார்த்த பச்சைக் கல் ஒரு பக்கம் காய்ந்ததும் உடையாமல் புரட்டிப் போட வேண்டும். அந்த வேலை சிறு கைகளுக்கு வந்து சேரும். மழைக்காலம் நெருங்கும்போது திரும்பி வரும் பிள்ளை மூன்றாம் வகுப்பில் உட்காரும்; முன்பு கற்ற எழுத்துகள் பாதி மறந்திருக்கும். கழித்தலில் கடன் வாங்குவதை அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொன்னால் கணக்கும் போகும், ஆங்கிலமும் வராது. இங்கே தமிழ்வழி என்பது மேடைக் கொள்கை அல்ல. அந்தப் பிள்ளைக்குக் கால் ஊன்ற இருக்கும் ஒரே தரை. இந்த ஒன்றே தாய்த்தமிழ்ப் பள்ளியின் பக்கம் தராசைச் சாய்க்கப் போதுமானது.

ஆனாலும் கொள்கை சரியாக இருப்பதும், அதற்கான விலையைச் சரியான ஆள் கட்டுவதும் ஒன்றல்ல. நடத்துபவர் தன் நேரத்தையும் பணத்தையும் நிம்மதியையும் கொடுத்திருக்க வேண்டும். பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரிதான் தர வேண்டும். படிக்காத தகப்பனிடம் காட்டுவதற்குப் பழைய பள்ளிச் சான்று எதுவும் இருக்காது. அந்த அலுவலக வாசலில் பெற்றோரோடு போய் நாள் முழுக்க உட்கார்ந்து வாதாடுகிறவரே, அவர்கள் பிள்ளைக்கு எது நல்லது என்று சொல்லும் தகுதியையும் பெறுகிறார். வகுப்பறைக்குள் மட்டும் நின்று மொழிப்பற்றைப் பேசுகிறவருக்கு அந்தத் தகுதி இல்லை.

நாம் பேசாமல் விடும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நன்கொடையில் நடக்கும் பள்ளியின் ஆசிரியர் சம்பளம் அரசுச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. 2021இல் ‘ஜெய் பீம்’ திரைப்படம் வெளியானபோது தமிழ்நாடே இருளர் வாழ்வைப் பற்றிப் பேசியது. அவர்களின் கல்விக்காக நடிகர் சூர்யா 1 கோடி ரூபாய் வழங்கினார். மனமார வரவேற்க வேண்டிய கொடை அது. ஆனால் பரபரப்பு ஓய்ந்த பிறகும் மாதத்தின் முதல் தேதி வந்துகொண்டே இருக்கும். இத்தகைய பள்ளிகளில் நிறுவனரின் பெயர் செய்தித்தாளில் வரும். ஒன்றாம் வகுப்பில் விரல் பிடித்து ‘அ’ எழுதவைக்கும் பெண்ணின் பெயர் வராது. தலைவரின் இலட்சியத்தில் ஒரு பங்கை அந்தப் பெண்ணும் குறைந்த சம்பளத்தின் வழியாகக் கட்டுகிறார். வரவு செலவை ஆசிரியர்கள் முன் திறந்துவைப்பதும், முடிவெடுக்கும்போது அவர்களையும் உட்காரவைப்பதும் பெருந்தன்மை ஆகாது, கடனைத் திருப்பித் தருவது.

பெற்றோரின் விருப்பம்தான் இதில் மிகக் கடினமான இடம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஒரு தாய் வந்து, “அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப் போகிறோம், டி.சி. கொடுங்க சார்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டு உழைப்பைப் புறக்கணித்ததுபோல அது வலிக்கும். தயங்கலாம், ஒருமுறை எடுத்துச் சொல்லலாம். இரண்டு பள்ளியிலும் கிடைப்பதையும் இழப்பதையும் ஒளிக்காமல் சொல்வது கடமையும்கூட. அதற்கு மேல் அந்தத் தாயைக் குற்றவாளியாக்கும் ஒரு சொல்கூட வரக் கூடாது. இத்தனை நாள் வேறு யாரோ முடிவெடுத்து வந்த வாழ்க்கையில், தன் பிள்ளைக்காக அவர் தானே முடிவெடுத்து வந்து நிற்கிறார். அன்றைக்கே மாற்றுச் சான்றிதழை எழுதி, சாதிச் சான்றின் நகலையும் சேர்த்துக் கொடுத்து, புதிய பள்ளியில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பிறகு விசாரித்து வர வேண்டியவர் தலைமையாசிரியர்.