சிப்பந்தியின் நோய்ச் செலவு யாருடைய கடன்?

கடைச் சிப்பந்தி ஒருவர் நோயில் விழுந்துவிட்டால் ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரித்து உதவி கேட்பது நம்மிடையே உண்டு. இரக்கமுள்ள வழக்கந்தான். ஆனால் அந்தத் துண்டில் விழும் வெள்ளி உண்மையில் யார் கொடுக்கவேண்டிய வெள்ளி? டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்று நிம்மதியாகச் சொல்லும் முதலாளிகளும் இருக்கிறார்கள். உடல் தேய்ந்தது இங்கே. வைத்தியத்துக்கு அடகு போவது இராமநாதபுரத்தில் அவர் மனைவியின் நகை.

இந்நாட்டுப் பிரஜைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மீதியை அரசாங்கம் தாங்குகிறது. பெர்மிட்டில் வந்தவருக்கு அது பல மடங்கு. 2011 முதல் அவருக்கு ஆஸ்பத்திரிக் காப்புறுதி கட்டாயமாயிற்று. 2019 முதல் வேலையில் நேரும் விபத்துக்குச் சொக்சோ உண்டு. ஆனால் படுக்கையில் சேராமல் பார்க்கும் காய்ச்சலும் சர்க்கரையும் பல்வலியும் இவற்றில் அடங்குவதில்லை.

பாகான் டத்தோ வட்டாரத்தில் தென்னையும் ரப்பரும் போட்ட துரைமார் தர்மவான்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மலாயாத் தோட்டங்களில் நம் மக்கள் மலேரியாவில் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். சட்டம் நெருக்கிய பிறகே தோட்டத்து ஆஸ்பத்திரிகள் எழும்பின; லயத்து மனிதரின் மருந்து தோட்டக் கணக்கில் ஏறியது. 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்கோ, தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் ஆள்கணக்குப்படி பணம் கட்டினார்கள். அது ஆள் கொண்டுவரும் செலவுக்கு ஏற்பட்டது, மருந்துக்கு அல்ல. எனினும் உழைப்பால் இலாபம் பெறுகிறவர்கள் சேர்ந்து செலவைத் தாங்கும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று.

மார்க்கம் இதில் வாய்மூடி இருக்கவில்லை. பணியாளர் உங்கள் சகோதரர்; சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் கைகொடுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நாளெல்லாம் ரொட்டிக் கல்லின்முன் நிற்கிறவரின் மூட்டுவலியும் அந்தச் சுமையில் சேர்ந்ததே. அதற்குக் கொடுப்பதை ஸதக்கா என்று எழுதிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. கூலிக்கு ஈடாக ஜகாத்தைக் கழித்துக்கொள்ளவும் மார்க்கத்தில் வழியில்லை.

"இரண்டு ஆளை வைத்துப் பலசரக்குக் கடை நடத்துகிறவன் இருதய ஆபரேஷனுக்கு எங்கே போவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானும் அந்த அளவுக் கடைக்காரன்தான். சிறு செலவு முதலாளியுடையது, அதில் வாதமில்லை. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவும் நோய்விடுப்புக்கான டாக்டர் பரிசோதனையை முதலாளி செலவில்தான் வைக்கிறது. இரண்டு வருஷம் நிறையாத ஆளுக்கும் வருஷத்தில் 14 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பெருஞ்செலவை ஒரே தலையில் கட்டுவது மட்டும் அநீதி. அதைப் பலர் பங்கிட வேண்டும்.

பள்ளிவாசல்களில் மய்யித்துச் செலவுக்குக் கைராத் சந்தா கட்டுகிறோம். கபனுக்கு முன்கூட்டியே சேர்க்கிறவர்கள் மருந்துக்கும் சேர்க்கலாம். ஆள்கணக்குப்படி முதலாளியே கட்டட்டும். சிப்பந்தியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. இந்து ஆளுக்கும் வங்காளதேசத்து ஆளுக்கும் பங்கு இருக்கவேண்டும். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் வக்ஃபு செய்து கட்டிய ஆஸ்பத்திரி ஏழையென்றும் அந்நியரென்றும் பாராமல் வைத்தியம் செய்தது. பெர்மிட் முடிந்துபோன ஆளை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முதலில் அதைப் பேசுவோம்.