நேரத்தை நகர்த்தத் தெரிந்தவன் நீ!

"நான் சின்ன ஆளுங்க. எனக்கும் கிரிட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

குமாரபாளையத்திலும் ராசிபுரத்திலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நிறுத்து!

2012-ஐ மறந்துவிட்டாயா? கிராமங்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் கட். எப்போது வரும், எப்போது போகும், யாருக்கும் தெரியாது.

நீ என்ன செய்தாய்? தலையில் கை வைத்து உட்கார்ந்தாயா?

இல்லை! நள்ளிரவில் கரண்ட் வந்தால் நள்ளிரவில் தறி ஓட்டினாய். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்டாய். காலடியில் பாம்பு கிடக்குமோ என்று பயந்தாய். போகாமல் இருந்தாயா?

கரண்ட் இருக்கும் நேரத்துக்கு வேலையை நகர்த்தும் வித்தை அது! அன்று அதற்கு யாரும் பத்துப் பைசா தரவில்லை. இன்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

நம்பவில்லையா? 2022 குளிர்காலத்தில் பிரிட்டனில், நெருக்கடி நேரத்தில் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். 16 லட்சம் வீடுகளும் தொழில் இடங்களும் சேர்ந்தன. வாஷிங் மெஷினைக் கொஞ்ச நேரம் தள்ளிப் போட்டவர்கள் அவர்கள். ராஜா வீட்டுப் பிள்ளைகள் இல்லை!

லண்டனுக்கு மின்சாரம் விநியோகிக்கும் யூகே பவர் நெட்வொர்க்ஸ் ஊர் ஊராகவே கேட்கிறது. இந்தப் பகுதியில், இந்த மாதங்களில், இந்த நேரத்தில் லைன் திணறும். லோடு குறைப்பவர் யார்? என்ன விலை? மீட்டர் சாட்சி சொல்லும். பணம் வரும்.

தர்மம் என்றா நினைத்தாய்? புது லைனும் துணைமின் நிலையமும் போடுவதைவிட இது மலிவு!

மின்சாரத்தை மூட்டை கட்டிக் குடோனில் அடுக்க முடியாது. எடுக்கும் அளவு அந்த நொடியே உற்பத்தியாக வேண்டும். தவறினால் கிரிட்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் ஆட்டம் காணும். 2012 ஜூலை 31 அன்று கிரிட் சரிந்து பாதி இந்தியா இருண்டது. தெற்கு கிரிட் அப்போது தனியாக ஓடியதால் தப்பினோம். 2013 டிசம்பர் 31 முதல் நாமும் அந்தத் தேசிய கிரிட்டில்தான் இருக்கிறோம்.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். மேட்டூர் அனல்மின் நிலையம் முழு மூச்சாக ஓடினாலும் 1,440தான். கணக்குப் போடு! பகலில் சோலார் கொட்டுகிறது. பொழுது சாய்ந்தால்? வீட்டுக்கு வீடு லைட், ஃபேன், ஏசி!

"அதெல்லாம் லண்டன்ல. லோடு குறைப்புக்கு இங்கே எங்கே சந்தை?"

வரவில்லை, உண்மைதான். அதனால் தூங்கலாமா?

உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவனே, பீக் ஹவருக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறாயே, கவனித்தாயா? இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. அது கொசுறுதான், நானே சொல்கிறேன். ஆனால் சூரிய ஒளி நேரத்துக்கு வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக வைக்க வேண்டும் என்கிறது 2023-இல் மத்திய அரசு திருத்திய விதி. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியவில்லையா?

நாமக்கல் தீவன மில்காரரே! மக்காச்சோளம் அரைக்கும் மோட்டார் மாலை 7 மணிக்குத்தான் ஓட வேண்டுமா? நாளைய தீவனத்தை இன்று மதியமே அரைத்து மூட்டை பிடித்தால் கோழி கோபித்துக்கொள்ளுமா? பண்ணைத் தண்ணீர்த் தொட்டியை வெயில் இருக்கும்போதே நிரப்பினால் என்ன?

தறி வேறு விஷயம். நெய்த மீட்டருக்குக் கூலி வாங்குபவரைச் சும்மா உட்கார வைத்து நீ காசு பார்க்காதே. அது திறமை இல்லை, திருட்டு. நகர்த்த முடிந்ததை மட்டும் நகர்த்து!

முதல் மாதம் சொதப்பும். ஆள் வரமாட்டான். பழக்க தோஷத்தில் மாலையில் ஸ்விட்ச் போடுவான். பில் குறையாது. அதனால் என்ன? அத்தனை இருட்டிலும் தொழிலைக் காப்பாற்றியவனை ஒரு பில்லா தோற்கடிக்கும்?

சந்தை வரும் நாளில், தன் லோடு தெரிந்தவனால்தான் விலை சொல்ல முடியும். எழுந்திரு! ஒரு நோட்டு எடு. எந்த மோட்டார் எத்தனை ஹெச்.பி., எப்போது ஓடுகிறது, எதைத் தள்ளலாம்? இன்று சாயங்காலம் 6 மணியிலிருந்தே எழுத ஆரம்பி!